ஸ்டாம்ப் சைஸ் வேட்பாளர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. 'கவனித்த' கதை என்று நாசூக்காகச் சொல்லலாம். வேண்டாம். ஒட்டுக்கேட்டேன்.

வீட்டு பிரிண்டர் உயிரை விட்டுவிட்டது. வாரப் பத்திரிகைக்கு மறுநாள் போகவேண்டிய அத்தியாயம் பென் டிரைவில் இருந்தது. தாளில் பார்த்தால்தான் எனக்குத் திருத்த வரும். தெருமுனைக் கடைக்குப் போனேன். போஸ்டர், பேனர், விசிட்டிங் கார்டு, ஜெராக்ஸ் எல்லாம் ஒரே அறையில். பின்னால் ஆறடி அகலத்துக்கு ஒரு மெஷின். முன்னால் கம்ப்யூட்டர். அதன் எதிரே ஒரு பெண், பக்கத்து ஸ்டூல்களில் அவளுடைய இரண்டு தோழிகள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நிமிஷம் மேடம், உக்காருங்க" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்:

மணி 3.20. அந்தக் கடைக்குள் மூன்று பெண்கள் நுழைந்தார்கள். வெளியே வந்தபோது இருவர்தான்—

[அடித்துவிட்டேன். மூவரும் நலம். முதல் அத்தியாயத்துக்குள் ஒரு பெண் சாகாவிட்டால் என் பேனா நகராது. என் தொடர்களில் இதுவரை செத்தவர்கள் பத்தொன்பது பேர். எல்லோரும் அழகிகள். ஒவ்வொருத்திக்கும் வசனம் நாலு வரி.]

இரண்டாவது தொடக்கம்:

பெண்ணியம் என்றால்—

[இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பிக்கும் எதையும் நானே படிப்பதில்லை.]

மூன்றாவது, காதில் விழுந்தது விழுந்தபடி:

"இந்த போட்டோல நாற்காலிய எண்ணுடி."

"பதினொண்ணு."

"ஜெயிச்சவங்க?"

"பதினோரு பொண்ணுங்க."

"உக்காந்திருக்கறது யாரு?"

போனைக் கண்ணருகே கொண்டுபோனாள் மற்றவள். "மீசை... மீசை... மீசை... இவருக்கு மீசை இல்ல. ஆனா ஆம்பளதான்."

"பொண்ணுங்க எங்க?"

"பின்னாடி நிக்கறாங்க. ஸ்கூல் குரூப் போட்டோல நெட்டையா இருக்கறவங்கள நிறுத்துவாங்களே, அந்த மாதிரி."

"இப்ப தலைப்பைப் படி."

"'மகளிர் மகத்தான வெற்றி.'"

மூன்று பேரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் பெண்ணின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அது என்னைப் பிடித்துக்கொண்டது. கதை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணச் சொன்னவள் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். தோழிகள் இப்போதே 'வக்கீல்' என்கிறார்கள். எண்ணியவள் நர்ஸ், காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவள், அவள் 'சிஸ்டர்'. கம்ப்யூட்டர் பெண் 'டிசைனர்'. ஆறு வருடமாக இந்த ஊரின் எல்லாத் தலைவர்களுக்கும் தாடையை ஒடுக்கி, முடியை அடர்த்தியாக்கி, சுவரில் ஒட்டுகிறவள்.

போட்டோ பக்கத்து ஊரின் வார்டு உறுப்பினர்கள் பதவியேற்பில் எடுத்தது; உட்கார்ந்திருப்பவர்கள் ஜெயித்தவர்களின் கணவர்களும் அண்ணன்களும். பாதி வார்டுகள் பெண்களுக்கு என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. இந்த ஊரில் இன்னும் மூன்று வாரத்தில் தேர்தல். டிசைனரின் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. அங்கே பத்து வருடமாகத் தெருவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அலைந்த அவளுடைய அண்ணன் நிற்பதாக இருந்தது. இனி முடியாது. தங்கை பெயரில் மனு கொடுத்துவிட்டார். "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

ஆக, வேட்பாளர் டிசைனர்தான். திரையில் இருந்ததும் அவளுடைய போஸ்டர்தான்.* அண்ணன் முகம் மூன்றடி. கீழே இடது மூலையில், யாருடையதோ ஒரு கல்யாண போட்டோவிலிருந்து வெட்டிய அவள் முகம்.

* போஸ்டர் தொழிலில் அளவுதான் பதவி. தலைவர் முழுசு, வேட்பாளர் பாதி, மற்றவர்கள் ஸ்டாம்ப் சைஸ். இதைச் சொல்லிக்கொடுத்தது டிசைனர்தான், கொஞ்சம் பெருமையாக.

4

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வாபஸ் வாங்கலாம்" என்றாள் வக்கீல். "வாங்கிடு. பன்னெண்டாவது நாற்காலிக்குப் பின்னாடி நீ நிக்கணுமா?"

"வாங்கினா என்ன ஆகும்? வேற எவனாவது அவன் பொண்டாட்டிய நிறுத்துவான்" என்றாள் சிஸ்டர். "கதவைத் திறந்து விட்டுட்டாங்க. உள்ள போ. போய் உக்காந்துட்டு அப்புறம் பேசு."

"உக்கார விட்டாத்தானே?"

"எங்க ஆஸ்பத்திரி வார்டுல டாக்டர் வர்றதுக்குள்ள நான் எத்தனை முடிவு எடுக்கறேன் தெரியுமா? கேட்டுட்டா எடுக்கறேன்?"

"நீ எடுக்கற. பேரு டாக்டருக்குப் போகுது. அதைத்தான்டி நானும் சொல்றேன்!"

"வக்கீல் புத்தி" என்று முணுமுணுத்தாள் சிஸ்டர்.

"ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசறீங்க, என்கிட்ட பேசல" என்றாள் டிசைனர்.

"சரி, நீ சொல்லு. உங்க அண்ணன் உன்னை ஸ்டாம்ப்பா ஒட்டிருக்காரே, கோபமே வரலையா?" என்றாள் வக்கீல்.

டிசைனர் மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள்.

"அண்ணன் ஒட்டல. 'ஒரு போஸ்டர் போட்டுடு'ன்னு மட்டும்தான் சொன்னாரு. அளவு வச்சது நான்."

டிசைனர் திரையின் இடது மூலையைத் தொட்டாள்.

"யோசிக்கவே இல்லடி. கை தானா அவரைப் பெருசா வச்சுது. என்னை எங்க வைக்கறதுன்னு பாத்தேன், மூலை காலியா இருந்துது."

[இந்த இடத்தில் பத்தொன்பது பேரும் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.]

5

டிசைனரைக் கதாநாயகியாக நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவளை வைத்து எப்படிக் கதையை நகர்த்துவது? வக்கீலை முன்னால் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் வரட்டும், அவர் வில்லன், கதை சூடு பிடிக்கும் என்று காத்திருந்தேன். வந்தார். ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் ஐந்து டீ. எனக்கும் சேர்த்து. வெளியிலிருந்து கண்ணாடி வழியாக எண்ணிப் பார்த்து வாங்கினாராம். தங்கை பரீட்சைக்குப் போன நாளெல்லாம் பைக்கில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெயிலில் நின்றவர் என்று சிஸ்டர் என் காதில் சொன்னாள். வில்லனாக இருந்தால் ஒரே அத்தியாயத்தில் ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன். இவரை என்ன செய்வது?

அவர் திரையைப் பார்த்தார். "அட, நல்லா வந்திருக்கே! அடிச்சிடு."

மூன்று முடிவுகள் வரிசையில் நின்றன:

(அ) டிசைனர் டீயை அவர் முகத்தில்—

[அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. டீயும் நன்றாக இருந்தது.]

(ஆ) அண்ணன் மனம் திருந்தி, கண் கலங்கி—

[எதற்கு? அவர் எந்தத் தப்பும் செய்ததாக அவருக்கே தெரியாதே.]

(இ) அவள் போஸ்டரை அப்படியே அடித்துவிடுகிறாள். வாழ்க்கை போகிறது.

[இதுதான் நடக்கும் என்று நினைத்தேன்.]

6

"ஒரு நிமிஷம் அண்ணா" என்றாள் டிசைனர்.

வெள்ளை பேனர் துணி முன்னால் போய் நின்று, போனை சிஸ்டரிடம் கொடுத்தாள். "எடு."

"சிரி."

"எந்தத் தலைவரு சிரிக்கறாரு? அப்படியே எடு."

இரண்டு நிமிடத்தில் புது முகம் திரைக்கு வந்தது. பழைய ஃபைலில் மூன்றடி முகத்தைத் தேர்ந்தெடுத்தாள். விரல் கொஞ்சம் தயங்கியது. அழித்தாள். புது முகத்தை நடுவில் வைத்து இழுத்தாள், ஓரங்களைத் தொடும்வரை.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "நான் எங்க?"

"நீ தேர்தல்ல நிக்கலையே அண்ணா."

"வெளையாடாத. என் மூஞ்சிக்குத்தான் ஓட்டு விழும். உன்னை யாருக்குத் தெரியும்?"

"அதுக்குத்தானே போஸ்டரு?"

வக்கீல் கைதட்டப் போனாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, மேடையில யாரு பேசுவா? நாலு பேருக்கு முன்னாடி உனக்குப் பேச்சு வராதே." கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "மேடம் எழுத்தாளராச்சே, பத்திரிகையில போட்டோ பாத்திருக்கேன். அவங்க எழுதிக் குடுக்கட்டும், பாத்துப் படிச்சிடு."

வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: கேட்ட உடனே எழுதிவிட்டேன். கடையில் கிடந்த ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில், ஐந்தே நிமிடத்தில். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல் நிச்சயம். டிசைனர் முழுவதையும் படித்தாள்.

"சூப்பரா இருக்கு மேடம். ஆனா படிச்சா உங்க குரல்தான் கேக்குது." மடித்து, மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நீயே பேசு. இங்கயே, இப்பவே. நான்தான் ஓட்டுப் போடறவன்."

அவள் எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "வணக்கம்" என்றாள். நின்றுவிட்டாள். சிஸ்டர் தரையைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல லேடீஸ் பாத்ரூமை ஆறு மணிக்குப் பூட்டிடறாங்க. நம்ம தெரு பொண்ணுங்க வேலைவிட்டு வர எட்டு ஆகும். அதனால மூணு மணிக்கு மேல யாரும் தண்ணி குடிக்கறதில்ல. நானும்."

அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் பேசினாள். இடையிடையே திக்கியது. ஒரு பெயர் மறந்து போனது. இரண்டு முறை ஒன்றையே சொன்னாள். அந்தப் பேச்சை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சீராக்குவேன், கைதட்டல் சேர்ப்பேன். கடைசியில் நடுவில் இருப்பது என் முகமாக இருக்கும்.

7

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாத்ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"காண்ட்ராக்ட் எடுத்தவர்கிட்ட."

"யாரு அது?"

"நேத்து நம்ம வீட்ல உக்காந்து உனக்கு ஓட்டர் லிஸ்ட்டைப் பிரிச்சுக் குடுத்தாரே, அவரு."

அண்ணனின் பத்து வருடக் கூட்டாளி. அண்ணன் பதில் சொல்லும்வரை டிசைனர் காத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உட்கார்ந்து, புது ஃபைலை மெஷினுக்கு அனுப்பினாள்.

மெஷின் இடமும் வலமும் ஓடத் தொடங்கியது. முதலில் வெறும் நீலம் வந்தது. அப்புறம் ஒரு நெற்றி, திருத்தப்படாத புருவம், சிரிக்காத கண்கள். தாள் நீண்டு தரையை நோக்கி இறங்கியது. மை ஈரமாக இருக்கும்போது தரையில் உரசினால் முகம் இழுபட்டுவிடும். யாராவது கீழ் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெஷினை நிறுத்தும் பொத்தானும் அதே பக்கம்தான்.

அண்ணன் எழுந்து போனார். இரண்டு காரியத்துக்கும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும், ஒரே பக்கம்தான் கையை நீட்ட வேண்டும்.

நான் இங்கே நிறுத்துகிறேன். அந்தக் கை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு விவரம் மட்டும் தருகிறேன், நான் பார்த்தது: நீட்டுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.