பொடிப்பூ பூத்த வாரம்

பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி ஒரு பள்ளம். மழைக்கு நிரம்பும், வெயிலுக்கு வற்றும். வற்றும்போது, தண்ணீர் விலகிய ஈரத்தில் மிளகளவு நீலப் பூக்கள் தலைகாட்டும். சில நாள் நின்று, விதையை உதிர்த்துவிட்டுக் கருகிப்போகும். டிப்போவில் பஸ் ஓட்டுகிற அவள்தான் அதற்குப் பொடிப்பூ என்று பெயர் வைத்தாள்.

கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கல்யாணமானதிலிருந்து, பூக்கிற சமயத்தில் ஒருதடவைகூட அவன் கரையில் இருந்ததில்லை. வருஷாவருஷம் மண்டியிட்டுப் போனில் காட்டுவாள்.

“சேறுதான்டி தெரியுது,” என்பான். “உன் மூஞ்சியக் காட்டு, அது போதும்.”

அவளுக்குப் போதவில்லை. தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து இருவருமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஆசை உள்ளே கிடந்து ஊறிப் பெருத்தது.

இந்த வருஷம் பூக்கிற சமயத்தில் அவனுக்கு லீவு கிடைத்தது. ஆனால் கப்பல் எஞ்சின் கோளாறாகி வழித் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. இங்கே பூக்கள் வாடத் தொடங்கின. பஸ் கழுவும் குழாயிலிருந்து அவள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள்.

“பூவுக்கும் சர்வீஸ் ஆரம்பிச்சாச்சாக்கா?” என்றான் மெக்கானிக். கேலி பேசியவனே சாயங்காலம் இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் போனான்.

ஒன்றும் பலிக்கவில்லை. பூக்கள் விதை கட்டிக் காய்ந்தன.

அதற்குப் பிறகுதான் கணவன் பெட்டியும் கையுமாக நேரே டிப்போவுக்கு வந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது போனில் தெரிந்ததே இல்லை. பள்ளத்தில் பழுப்புத் தண்டுகள் மட்டும் நூல் நூலாக நின்றன.

“முடிஞ்சிருச்சுங்க,” என்றாள்.

அவன் நல்ல சட்டையோடு அப்படியே குப்புறப் படுத்துத் தேடினான். “எங்க இருந்துச்சு?”

“நீங்க படுத்திருக்கிற இடத்துலதான்.”

பதறி எழுந்தவனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவன் அவள் தோளை ஒட்டிக் குந்தினான்.

“என்ன நிறம்?”

“நீலம். நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி.”

“புள்ளிய நீ சொன்னதே இல்லையே.”

“சொன்னேன். உங்களுக்குத்தான் சிக்னல் இல்ல.”

அடுத்த மழைக்கு முன்னாலேயே அவன் கப்பலேற வேண்டும். அவளுடைய டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. அவன் வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸில் ஏறி, அவள் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். எட்டித் தொடும் தூரத்தில்தான் இருந்தான். ஆனாலும் ஏக்கம் அடங்கவில்லை.