கந்தப்புவின் மீசை கேரண்டி

கந்தப்புவுக்கு மீசை அரும்பியது பதினேழு வயதில். அன்றிலிருந்து நாற்பத்து நான்கு வருஷமாக அதில் கத்தரிக்கோல் பட்டிருக்கிறதே தவிர, கத்தி பட்டதில்லை. நில அளவை உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். மீசை ஒரு மயிர் குறையாமல் ஓய்வு பெற்றது. அப்பேர்ப்பட்ட மீசையை மனுஷர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்காகப் பணயம் வைத்தார் என்றால், அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது டிரையல்ஸ் மோட்டார். அதில் உட்கார இருக்கையே கிடையாது. நின்றபடிதான் ஓட்ட வேண்டும். பறப்பதற்கான வண்டியும் இல்லை. பாறை மேலும் மரக்கட்டை மேலும் மெல்ல மெல்ல ஏற்றி இறக்க வேண்டும், கால் தரையில் படக் கூடாது, அவ்வளவுதான் விளையாட்டு. இதில் என்ன சுகம் என்று அவர் மனைவி மீனலோசனி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவருக்கும் பதில் தெரியாது. ஆனால் ஞாயிறு விடிந்தால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து கிளம்பி, சுங்கை பூலோ பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் கல்குவாரிக்குப் போய்விடுவார். அங்கே இதே பைத்தியம் பிடித்த முப்பது பேர் இருந்தார்கள்.

அந்த முப்பது பேருக்குள் கந்தப்புவின் வாய்ச்சொல்தான் சான்றிதழ். யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். "எடுக்கலாம்" என்றால் எடுப்பார்கள். "ம்ஹூம்" என்றால் விற்க வந்தவன் வாயைத் திறக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். இந்த மரியாதை அவருக்கு ஓய்வூதியத்தைவிடப் பெரிது. வீட்டில் அவர் பேச்சு எடுபடாது என்பதால் இன்னும் பெரிது.

கூட்டத்தில் யாராவது புது வண்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிக்கொண்டு வந்தால் தொலைந்தான். "வண்டிக்குக் கண்ணு படுமா? பிளக்கைக் கழட்டித் தொடச்சியா, மொதல்ல அதைச் சொல்லு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிறுத்த மாட்டார். அவருக்கு நம்பிக்கை எல்லாம் அறிவியல் மேலும், ஆரஞ்சுக் கயிற்றின் மேலும்தான். நில அளவைக்குப் பிடிக்கிற, கண்ணைக் கூசவைக்கும் அந்த நைலான் கயிற்றில் ஒரு பெரிய உருண்டையை வேலையை விடும்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கருவிப் பெட்டியும் தார்ப்பாயும் குடையும் அதில்தான் கட்டப்பட்டிருக்கும். மூக்குக் கண்ணாடியே அந்தக் கயிற்றில்தான் கழுத்தில் தொங்கும்.

போன வருஷம் அவருடைய இடது முட்டி தகராறு செய்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி பாறை ஏறினால் அடுத்தது சக்கர நாற்காலிதான் என்றார். மீனலோசனி டாக்டருக்குக் கைகூப்பாத குறைதான். பதினோரு வருஷம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மோட்டாரைக் கிள்ளானைச் சேர்ந்த ஜீவனுக்கு விற்பதாக முடிவாயிற்று. ஜீவன் சிலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுபவன், முப்பது வயது, குழுவில் புதியவன், கந்தப்பு சொன்னால் வேதம் என்று நம்புகிறவன்.

வண்டியை ஒப்படைக்கும் காலையில் வீட்டில் ஒரு சின்னக் கலவரம்.

"இஞ்சருங்கோ, மூண்டு தேசிக்காய் வாங்கி வச்சனான். ரெண்டுதான் கிடக்கு" என்றாள் மீனலோசனி. அந்த வீட்டில் எலுமிச்சைக்கு என்றைக்கும் தேசிக்காய் என்றுதான் பெயர்.

"எனக்கென்ன தெரியும்?" என்று கந்தப்பு மின்தூக்கியை நோக்கி நடையைக் கட்டினார்.

குவாரியில் முப்பது பேர் முன்னால் சாவியைக் கொடுக்க மனசே வரவில்லை. மனசு சங்கடப்பட்டால் அதிகமாகப் பேசுவது அவர் வழக்கம். "இன்ஜின்ல ஒரு கீறல் கிடையாது. என் கையால கெட்டதுன்னு எவனாவது காட்டட்டும், இந்த மீசையை எடுத்துடறேன்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். காஜாங்கிலிருந்து வரும் திருச்செல்வம், கந்தப்புவின் பழைய கூட்டாளி, அதைக் கைப்பேசியில் வீடியோப் படமாகவே எடுத்து வைத்துக்கொண்டான்.

ஐந்து வாரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் ஜீவனின் செய்தி வந்தது. "அங்கிள், பாதி மேட்டுல ஆஃப் ஆயிடுச்சு. கிக்கர மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது. இன்ஜின் ஜாம் போல. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

அடுத்த நிமிஷமே திருச்செல்வம் அந்தப் பழைய படத்தைப் போட்டான். அதன் கீழே ஒரு சவரக் கத்திப் படம். அதற்குக் கீழே இருபத்தேழு பேர் சிரித்திருந்தார்கள்.

கந்தப்புவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மீசையைவிட அந்த "எடுக்கலாம்" போய்விடுமே என்பதுதான் கவலை. சொந்த வண்டியையே ஓட்டையாக விற்றவன் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? மூன்றாம் நாள் எழுந்ததும் அவருக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் உரசி இறுகிப்போகும். லோரிக்காரப் பயல் வெறும் பெட்ரோலை ஊற்றியிருப்பான். சந்தேகமே இல்லை.

அதைக் குழுவில் எழுதினார். எழுதியதோடு விட்டாரா? "சனிக்கிழமை கிள்ளானில் லோகேஸ்வரி பட்டறையில் இன்ஜினைத் திறப்போம். எல்லாரும் பார்க்க வீடியோ கால் போடப்படும்" என்றும் சேர்த்தார். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பது இதுதான்.

சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளானில் போய் இறங்கினார். லோகேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குழுவில் பாதிப் பேரின் வண்டி அவள் கையில்தான். பேச்சு குறைவு. இன்ஜின் பேசட்டும் என்று விட்டுவிடுவாள். ஜீவன் கைப்பேசியை ஒரு பெட்ரோல் டின்னின் மேல் சாய்த்து வைத்தான். அதில் திருச்செல்வமும் மற்றவர்களும் சின்னச் சின்னக் கட்டங்களில் நுரை தளும்பத் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிலிண்டர் கழன்றது. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க நெடுக்குக் கீறல்கள்.

"பாத்தீங்களா!" கந்தப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எண்ணெய் இல்லாத கேஸு. புத்தகத்துல போடலாம்."

லோகேஸ்வரி கீழே விரலை விட்டுத் தடவி நீட்டினாள். விரல் பளபளத்தது. "எண்ணெய் இருக்கே அங்கிள். பேரிங் எல்லாம் நல்லா நனைஞ்சிருக்கு. பையன் சரியாத்தான் கலந்திருக்கான்."

"நீங்க சொன்ன அளவுதான் அங்கிள்" என்றான் ஜீவன் மெதுவாக. "கப்புல அளந்துதான் ஊத்துனேன்."

கைப்பேசியிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். கந்தப்பு மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது சூட்டுல புடிச்சது" என்று லோகேஸ்வரி ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். பாதித் தண்ணீர்கூட இல்லை, கொதித்து வெளியேறியிருந்தது. மற்ற மோட்டாருக்கு ஓடுகிற வேகத்தில் காற்று கிடைக்கும். பாறை மேல் ஊர்கிற இதற்குக் காற்று ஏது? ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி இருக்கும். இன்ஜின் சூடானால் அது தானாகச் சுற்றும். அது சுற்றாவிட்டால் கதை முடிந்தது. லோகேஸ்வரி அதற்கு நேராக பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாள். விசிறி முனகியது. அசையவில்லை.

டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். நீள மூக்குக் குறடை உள்ளே விட்டு எதையோ இழுத்தாள். கறுத்துச் சுருங்கிய கோலிக்குண்டு போல ஒன்று வந்தது. பின்னாலேயே காய்ந்த மிளகாய்க் காம்பு.

"எலுமிச்சம்பழம்" என்றாள்.

கந்தப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கைப்பேசிப் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பாத்துக்குங்க! எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்? திருஷ்டி கழிக்கிறாராம்! போயும் போயும் ஃபேன் பக்கத்துலயா கட்டுவாங்க? இது மெஷின் லா ஜீவா, மெஷின்!"

"ஜூஸ் போட்டுக் குடிச்சிருக்கலாமே ஜீவா" என்றான் திருச்செல்வம் டின்னின் மேலிருந்து. கட்டங்கள் எல்லாம் குலுங்கின.

ஜீவன் முகம் சுருங்கிவிட்டது. கைப்பேசிக்குக் கேட்காதபடி கந்தப்புவின் அருகில் வந்தான். "நான் கட்டல அங்கிள். மோட்டாரக் கழுவும்போதுதான் உள்ள இருந்ததப் பாத்தேன். வரும்போதே இருந்துச்சு. அடுத்தவங்க கட்டுன திருஷ்டிய நாம அவுத்தா நமக்கு வந்துடும்னு எங்கம்மா தொடவே விடல."

"வரும்போதேவா? என் வண்டியிலயா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" என்று தணிந்த குரலிலேயே ஆரம்பித்தவர் நடுவில் நின்றுவிட்டார். லோகேஸ்வரி குறட்டால் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். விசிறியின் அச்சில் சுற்றியிருந்த கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அத்தனை அழுக்கிலும் கரியிலும் அதன் நிறம் கண்ணைக் கூசவைத்தது.

லோகேஸ்வரி கயிற்றைப் பார்த்தாள். பிறகு கந்தப்புவின் கழுத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக அதுவரை மறந்தே போயிருந்தார். வெட்கப்படுகிற காரியங்களை மனசு எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுகிறது. ஒப்படைத்த அன்று காலை, கீழ்த்தளத்தில் யாரும் இல்லாத நேரம். கடைசியாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று துக்கம் பொங்கிவிட்டது. புது இடம், புதுக் கை, யார் கண் படுமோ என்று ஒரு பயம். வீட்டுக்கு ஓடி ஒரு பழம், நாலு மிளகாய். அந்த முப்பது பேர் பார்த்துவிட்டால் மானம் போகும் என்று, எவர் கண்ணும் எட்டாத இடமாகப் பார்த்து, ரேடியேட்டருக்குப் பின்னால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினார். இன்ஜின் குளிர்ந்திருந்தது, விசிறி ஓடவில்லை. பழமும் கொழுத்த பழம், இடுக்கில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. பழம் என்றால் காய்ந்து சுருங்கும், சுருங்கினால் கயிறு தொங்கும் என்பது மட்டும் அந்த அறிவியல் மூளைக்கு எட்டவில்லை.

லோகேஸ்வரி சட்டென்று கயிற்றைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ஏதோ குப்பை மாட்டியிருக்கு" என்றாள் கைப்பேசியைப் பார்த்து. ஜீவனும் பார்த்துவிட்டான். அவனும் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கந்தப்பு நினைத்திருந்தால் அத்தோடு தப்பியிருக்கலாம். மீசையும் பிழைக்கும், சான்றிதழும் பிழைக்கும். கட்டத்துக்குள் திருச்செல்வம் ஜீவனை இன்னும் கலாய்த்துக்கொண்டுதான் இருந்தான். தன் அளவுக் கப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தபோது கந்தப்புவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"லோகேஸ், கையைத் திற" என்றார்.

"விடுங்க அங்கிள்."

"தெற லா."

கயிற்றை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் கயிற்றையும் இதையும் பக்கம் பக்கமாக வைத்துக் கைப்பேசியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "திருச்செல்வம், நல்லா பாத்துக்க. ரெண்டும் ஒரே கயிறு. பழத்தைக் கட்டினது நான். ஜீவன் மேல ஒரு தப்பும் கிடையாது. எண்ணெய் கலக்கலன்னு எழுதினேனே, அதுவும் தப்பு."

கட்டத்துக்குள் திருச்செல்வம் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீங்களா அங்கிள்?" கயிற்றைப் பார்த்திருந்தும் ஜீவனால் நம்ப முடியவில்லை. "ஏன்?"

"கஷ்டமா இருந்துச்சு. பதினோரு வருஷம் வெச்சிருந்தேன்ல" என்றார் கந்தப்பு. பிஸ்டனுக்கான செலவு தன்னுடையது என்று லோகேஸ்வரியிடம் சைகையில் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தார்.

மீசையை விட்டுவிடச் சொல்லிக் குழுவில் பதினெட்டுப் பேர் எழுதினார்கள். திருச்செல்வமே அந்தச் சவரக் கத்திப் படத்தை அழித்துவிட்டான். கந்தப்பு கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் அவர் சொன்னதைக் கடைக்காரர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை எடுத்தார்.

கதவைத் திறந்த மீனலோசனி வெகு நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "ஆர் வேணும்?" என்றாள்.

"அந்த மூன்றாவது தேசிக்காய்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு கவலையெண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாமே. நான் ஒழுங்காக் கட்டித் தந்திருப்பன்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, புதுப் பிஸ்டன் போட்ட மோட்டார் குவாரிக்கு வந்தது. கந்தப்புவுக்குப் போகவே கூச்சம்தான். போனார். முப்பது பேரும் அவருடைய மேலுதட்டைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். ஜீவன் இன்ஜினை முடுக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே ஒதுங்கி இடம் விட்டான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். விசிறி சுற்றத் தொடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க, முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

"இங்க வெச்சா ஃபேன்ல மாட்டாது" என்றார் முறைப்பாக. "ஏறிப் போ."

ஜீவன் ஏறினான். பழம் நசுங்கியது. ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"அங்கிள், இப்ப இன்ஜின் கேரண்டியா?"

கந்தப்புவின் கை பழக்கத்தில் மேலுதட்டுக்குப் போயிற்று. அங்கே குத்துகிற முள் தவிர ஒன்றும் இல்லை.

"இது வளரட்டும் லா" என்றார். "அப்புறம் சொல்றேன்."