நூற்று முப்பது மீட்டர்

"அந்தக் கூம்பு இல்லேன்னா அவங்க திரும்பி வரமாட்டாங்களாப்பா?" என்று கில்சாங்கின் மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள். ஓடைக்கரைப் பாதையின் நடுவில், ஓடுகிறவர்கள் திரும்பவேண்டிய இடத்தில், அவர் ஆரஞ்சு நிறக் கூம்பை வைத்துவிட்டு, அது நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வரமாட்டாங்க. கடல் வரைக்கும் ஓடிக்கிட்டே இருப்பாங்க" என்றார். அவள் அன்று முழுவதும் கவலையோடு இருந்தாள். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. சியோலில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை பேசும்போது, "இன்னும் அந்தச் சங்கத்த விடலையா?" என்று கேட்பாள். அவர் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றுவார்.

விடுவதற்கு அவர் முயலாமல் இல்லை. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து ஆறு வருடமாகிறது, அதற்குப் பிறகு ஓடியதே இல்லை. ஆனால் ஓட்டச் சங்கத்தில் ஓட வருகிறவர்கள் நாற்பது பேர் என்றால், தண்ணீர்ப் பானை தூக்க வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருவர் தலைவர் ஹேவொன், பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவள். வாரம் முழுவதும் பேருந்துப் பணிமனையில் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டு, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வாழைப்பழமும் காகிதக் குவளைகளும் ஏற்றிக்கொண்டு அவர் வருவார். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று ஒருவர் சொல்வார், சூடாக இருக்கிறது என்று இன்னொருவர். எல்லோரும் போனபிறகு மிதிபட்ட குவளைகளைப் பொறுக்கும்போது, அடுத்த ஞாயிறு வரக்கூடாது என்று நினைப்பார். வந்துவிடுவார்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சங்கத்துக்கென்று ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்களின் பெயரைச் சிறிய மரச்சட்டத்தில் எழுதி, சாமான் அறைக்குள் இருக்கும் பலகையில் திருகாணி போட்டு மாட்டுவார்கள். ஓட்டத்துக்கு முதல்நாள் தூரம் அளக்கும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்து, கூம்பு நிற்கவேண்டிய இடத்தைக் குறிப்பது கில்சாங்கின் வேலை. கைக்கடிகாரங்கள் பாலங்களுக்கு அடியில் போனால் தூரத்தைத் தாறுமாறாகச் சொல்லும். சங்கத்தில் சக்கரம் சொல்வதுதான் கணக்கு.

இந்த வருடம் அவர் சக்கரத்தை எடுக்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. பாதைக்குப் புதிதாகச் சாயம் பூசி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெள்ளை எழுத்தில் எண் போட்டிருந்தார்கள். ஐந்து என்ற எண் பளிச்சென்று இருந்தது. அதன்மேல் கூம்பை வைத்தார்.

அன்றுதான் ஒக்சுன் ஐம்பத்தொன்பது நிமிடம் முப்பத்தொரு நொடியில் ஓடி முடித்தாள். தெற்குச் சந்தையில் முளைப்பயறு சூப்புக் கடையின் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள், வயது அறுபத்து மூன்று. ஒன்பது வருடமாக ஒரு மணியைத் தாண்டித் தாண்டியே வந்துகொண்டிருந்தவள். முடிவுக்கோட்டைக் கடந்ததும் அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மறுநாள் சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிப் பலகாரம் செய்து சந்தை முழுவதும் கொடுத்தாள். பணிமனைக்கும் ஒரு பொட்டலம் வந்தது. இன்னும் சூடாக இருந்தது.

அந்த வாரம் ஓர் இளைஞன் தன் கடிகாரத்தைக் காட்டி, "அண்ணே, தூரம் குறையுதுண்ணே" என்றான். "உன் கடிகாரம் பாலத்தடியில தூங்கிருக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார் கில்சாங். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒட்டவில்லை. சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளை ஐந்தின்மேல் நின்று பார்த்தார்: நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. திரும்பிப்போய் மறுபடி அளந்தார். அதுவே. புதிய எண்களை எங்கிருந்தோ எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள், சங்கம் புறப்படும் இடத்திலிருந்து இல்லை. போக நூற்று முப்பது, வர நூற்று முப்பது. மற்றவர்கள் எப்படியும் ஒரு மணிக்குள் வரக்கூடியவர்கள், இல்லையென்றால் அதற்கு வெகுதூரம் பின்னால் வருகிறவர்கள். இந்தக் குறை விழுவது ஒரே ஒருத்தியின் பெயர்மேல்.

"யாரோ செத்துட்ட மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்றாள் ஹேவொன், மாத்திரைகளைப் பிரித்து உறைகளில் போட்டபடி. அவர் சொன்னார். அவள் கை நின்றது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"எனக்கு எதுக்குண்ணே சொன்னீங்க? அந்தப் பலகாரத்துல நான் ரெண்டு தின்னேன். இப்ப வாந்தி எடுக்கவா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சம்பளமா வாங்குறோம்? வருஷம் பூரா சாகுறோம். ஒரு தப்பு செய்யக்கூட நமக்கு உரிமை கெடையாதா? விடுங்க. அந்தக்கா சந்தோஷமா இருக்கட்டும்."

அது அவருக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தோடு மூன்று நாள் இருந்தார். ஆனால் அவர் விடியல் ஜெபத்துக்குப் போகிறவர். குளிர்ந்த தேவாலயத்தின் பின்வரிசையில் கண்ணை மூடினால், ஆண்டவர் முகம் வரவேண்டிய இடத்தில் வெள்ளைச் சாயத்தில் ஐந்து வந்து நின்றது. ஒக்சுனின் சந்தோஷத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தன் சோம்பலைத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று நான்காம் நாள் அவருக்குத் தெரிந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குச் சூப்புக் கடை காலியாக இருந்தது. ஒக்சுன் சமையற்கட்டில் பூண்டுக் குவியலுக்கு முன் தாழ்வான பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க தம்பி. பேசுறதா இருந்தா ஒரு கத்திய எடுத்துக்கிட்டுப் பேசுங்க."

அவர் உட்கார்ந்து இரண்டு பல் உரித்தார். பிறகு சொன்னார். சக்கரம் எடுக்காததை முதலில் சொன்னார், முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் கத்தி நிற்கவில்லை. மூன்று பல், நான்கு பல் விழுந்தன.

"நேரத்துல எவ்வளவு?"

"ஒண்ணரை நிமிஷம் கூட வரும்க்கா."

"அப்ப ஒரு மணி, ஒரு நிமிஷம்."

"ஆமா."

"போன வருஷமும் அதேதான்" என்றாள். பிறகு அவர் உரித்ததைப் பார்த்து, "பாதிப் பூண்டு தோலோட போகுது. ஒழுங்கா உரிங்க" என்றாள்.

அவர் ஒழுங்காக உரிக்கப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு மணிக்கு வந்து கடை தொறந்து சூப்பு ஏத்துவேன். அஞ்சுலருந்து ஆறு வரைக்கும் அது தானா கொதிக்கும். ஆறு மணிக்கு மொதலாளியம்மா வந்துருவா. நடுவுல அந்த ஒரு மணி நேரம் என்னோடதுன்னு மொத வருஷமே சொல்லிட்டா. நல்ல பொம்பளதான். ஆனா காலைல ஒரு கூடைப் பூண்டு உரிக்கணும்ல, அதுல இருபது நிமிஷம் போயிரும். அதனால தெனமும் ஆறு கிலோமீட்டர்தான் ஓடுவேன். பத்து ஓடுற அளவுக்கு ஒரு மணி நேரம் முழுசா எனக்குன்னு இருந்தா எப்படியிருக்கும்னு நெனைச்சுக்கிட்டே ஓடுவேன். அவ்வளவுதான். வேற பெருமை ஒண்ணுமில்ல."

"அக்கா, வசந்த காலத்துல மறுபடியும் ஓட்டம் வச்சு..."

"வசந்தத்துல என் காலு என்ன சொல்லுமோ. பேரக் கழட்டிருங்க. செவ்வாக்கெழம காலைல நான் தனியா ஓடுறேன். பூண்டு கெடக்கட்டும், மொதலாளியம்மா கத்தினா கத்தட்டும். நீங்க சரியான எடத்துல கூம்ப வச்சுட்டுப் போயிருங்க."

"நேரம் பாக்க யாராச்சும் வேண்டாமா?"

"கைல கடிகாரம் இருக்கு. நீங்க அங்க நின்னீங்கன்னா உங்க மூஞ்சியப் பாத்தே எனக்கு மூச்சு வாங்கும்."

அன்று மாலை அவர் சாமான் அறைக்குப் போய் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். மரச்சட்டத்தில் அவள் பெயரின் மை இன்னும் புதிதாக மின்னியது. எறிய மனமில்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஹேவொனிடம் சொன்னார். அவள் வலிநிவாரணப் பட்டை ஒன்றை எடுத்து, முழங்காலுக்கு என்று நீட்டினாள்.

செவ்வாய் அதிகாலை நாணலில் உறைபனி பிடித்திருந்தது. கில்சாங் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார், ஒவ்வொரு நூறிலும் நின்று எண்ணைப் பார்த்தார். ஐயாயிரம் என்று காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வில்லோ மரமும் உடைந்த நடைபாதைக் கல்லும் மட்டும். கூம்பை வைத்தார். பக்கத்தில் நின்று ஒரு சிறு ஜெபம் சொன்னார். அவள் ஜெயிக்கவேண்டும் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. அவள் விழாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். பிறகு அவள் கண்ணில் படாமலிருக்க மேட்டில் ஏறி, முந்தின நாளே அங்கே நிறுத்தியிருந்த சைக்கிளில் சாலை வழியே சந்தைக்குப் போனார்.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தார். பெரிய பானை தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் கூடை நிறையப் பூண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார், கத்தியை எடுத்தார். முதல் கைப்பிடி மோசமாக வந்தது. பிறகு பல்லின் அடியை மட்டும் நறுக்கி, தோலைக் கட்டைவிரலால் தள்ளவேண்டும் என்பது பிடிபட்டது. நடுவில் ஒருமுறை எழுந்து பானையில் பொங்கிய நுரையை எடுத்துக் கொட்டினார். நகை செய்யும் ஆசாரியைப்போல ஒவ்வொரு பல்லையும் திருப்பிப் பார்த்தார். தோல்களைக் கூட்டி அள்ளி, பலகையை அவள் விட்டுப்போன கோணத்திலேயே திருப்பி வைத்தார்.

வெளியே வந்தபோது சந்து இன்னும் காலியாக இருந்தது. நேரம் என்னவென்று பார்க்க அவர் பைக்குள் கைவிடவில்லை. விரல் நுனிகள் எரிந்தன. ஓடைப் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் பாதி இறங்கிய கதவின் அடியிலிருந்து ஆவி வெளியே வந்து, தரையோடு படர்ந்து, சந்தின் குறுக்கே மெல்லப் போய்க்கொண்டிருந்தது.