நாத்தனார் பார்த்த ஸ்லைடு

கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு நான் மறுபடியும் படிக்கப் போனதே பெரிய விஷயம். அதே நுண்ணுயிரியல் வகுப்பில் என் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள் பாருங்கள், அதுதான் என் தலையெழுத்து. நான் முட்டி மோதிப் படித்து வாங்கும் மதிப்பெண்ணை அவள் தலை சீவிக்கொண்டே வாங்கிவிடுவாள். "என் பொண்ணுக்குக் கற்பூர புத்தி" என்று மாமியார் பூரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆஸ்பத்திரி லேபில் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. போட்டி எங்கள் இருவருக்குள்தான். ஆளைத் தேர்ந்தெடுக்க எங்கள் வகுப்பு சார் ஒரு ஸ்லைடு கொடுத்தார். யாரோ ஒரு நோயாளியின் சளி. காசநோய்க் கிருமி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். இல்லை என்று சொல்வதற்கு முன் நூறு இடமாவது நகர்த்திப் பார்க்க வேண்டும்.

முதலில் நாத்தனார் பார்த்தாள். "நெகட்டிவ் சார்" என்று சிரித்தபடி எழுந்துவிட்டாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது.

எனக்கு மனசு ஆறவில்லை. நோயாளி மேல் அக்கறை என்றெல்லாம் கதை விட மாட்டேன். அவள் ஒரு தடவையாவது தப்புப் பண்ண வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணில் நீர் வழிந்தது, நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஓர் ஓரத்தில் சிவப்பாக ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"சார், இருக்கு!"

சார் குனிந்து பார்த்தார். "ஆமாம்மா. இதை விட்டிருந்தா அந்த ஆள் மருந்தே இல்லாம வீட்டுக்குப் போயிருப்பாரு. வேலை உனக்குத்தான்."

நாத்தனார் முகம் சுருங்கியிருக்கும் என்று ஆவலாகத் திரும்பினேன். அவளோ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் செய்தி கேட்டதும் மாமியார் மகளின் கன்னத்தை வழித்தார். "அண்ணிக்காக விட்டுக் குடுத்துட்டியாடி? இந்த மனசு யாருக்கு வரும்!"

"ஐயோ அம்மா, நான் பாதியிலேயே எழுந்துட்டேன். தப்பாச் சொன்னது நான்தான்."

"பாத்தியா, குடுத்ததைச் சொல்லிக்காட்டக்கூடத் தெரியல இவளுக்கு" என்று மாமியார் என்னிடமே கண் கலங்கினார்.

நாத்தனார் பாவமாக என்னைப் பார்த்தாள். "நான் உண்மையைத்தான் சொல்றேன் அண்ணி. நம்ப மாட்டேங்கறாங்க."

எனக்குத் தெரியாதா? அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.