மஞ்சள் காட்டிய பாட்டில்

கீழவைப்பார் காயலில் மடவை மீன்கள் செத்து மிதந்த வாரத்தில்தான் அந்த ஆய்வுக் குழு பிறந்தது. குழு என்றால் மூன்றே பேர்: பள்ளியில் வேதியியல் நடத்தும் ஜெயபிரியா, மீன் வியாபாரி டயானா, பலசரக்குக் கடை மந்திரமூர்த்தி. மந்திரமூர்த்திக்கு அறிவியல் ஆர்வமெல்லாம் கிடையாது. காலி சோடா பாட்டில் கேட்டு வந்த டீச்சர், கொடுத்த கையோடு அவரையும் உறுப்பினராக்கிவிட்டாள்.

காயலின் பல மூலைகளில் தண்ணீர் பிடித்தார்கள். டீச்சர் பள்ளி விட்டு வரும்வரை அது கெடாமல் இருக்க வேண்டுமே. டயானா தன் மீன் பெட்டியில் ஐஸுக்குள் பாட்டில்களைப் புதைத்து வைத்தாள். இடம் போதாமல் ஒன்று மட்டும் மந்திரமூர்த்தியின் கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜுக்குப் போனது.

சாயங்காலம் கடை வாசலில் ஜெயபிரியா சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மீனைக் கொல்லும் அமோனியா தண்ணீரில் இருந்தால் பச்சையாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். முதல் பாட்டில் பச்சை. அடுத்ததும் பச்சை. வேடிக்கை பார்த்த கூட்டம் கொதித்தது. எல்லாம் இறால் பண்ணைக் கழிவுதான், காலையில் போய்ப் பண்ணையைப் பூட்டுவோம், அதற்கு முன் டீச்சர் ஊர்க்கூட்டத்தில் பேசட்டும் என்றார்கள். மந்திரமூர்த்திக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அவர்கள் போன பிறகுதான் ஃபிரிட்ஜில் கிடந்த பாட்டில் அவர் நினைவுக்கு வந்தது. அதில் மருந்து விட்டபோது மஞ்சளாகவே நின்றது.

ஜெயபிரியா அதையும் பச்சைப் பாட்டில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு டயானாவின் பெட்டியடியில் தேங்கிய ஐஸ் தண்ணீரை எடுத்து மருந்து விட்டாள். கரும்பச்சை.

"மூடியெல்லாம் லூசு. மீன் தண்ணியிலயும் அமோனியா இருக்கும், அது உள்ள இறங்கிருக்கு," என்றாள்.

டயானாவுக்கு முகம் செத்துவிட்டது. "கெட்டுப்போவக் கூடாதுன்னுதான டீச்சர் ஐஸ்ல வச்சேன்."

"ஒங்க மேல என்னக்கா தப்பு? நாந்தான் கேட்டிருக்கணும்."

மந்திரமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், இன்னைக்கு வாயத் தொறக்காதீய. மறுபடி பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுவோம். இப்பச் சொன்னா நம்மள ஒரு பய மதிக்க மாட்டான்."

"காலையில பண்ணையப் பூட்டிருவாங்களே அண்ணாச்சி. அங்கன வேல பாக்கவங்க எங்க போவாங்க?"

அன்றிரவு ஊர்க்கூட்டத்தில் ஜெயபிரியா எழுந்து, "நாங்க காட்டுனது தப்பு. மீன் ஏன் செத்துச்சுன்னு எங்களுக்கு இன்னும் தெரியல," என்றாள். சிரிப்பு கிளம்பியது. மீன்குழம்பையா டெஸ்ட் பண்ணீங்க என்று செந்தூர்வேல் என்ற லோடு ஆட்டோக்காரன் கேட்டான். சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள். தப்பு எப்படி நேர்ந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். டயானாவின் பெயரை எடுக்கவே இல்லை. மேடையில் முழங்கிய எத்தனையோ பேரை மந்திரமூர்த்தி பார்த்திருக்கிறார். தெரியாது என்று ஊர்முன் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தார். பண்ணையைப் பூட்டும் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் காலையிலேயே மூவரும் மறுபடி தண்ணீர் பிடித்தார்கள். மதியம் கொளுத்தும் வெயிலில் செந்தூர்வேல் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ஜில்லுன்னு ஒரு கலர் குடுங்க."

"ஜில்லுன்னு எதுவும் இல்லடே."

"ஃபிரிட்ஜ் நெறைய பாட்டில் நிக்கே."

விற்கிற கலர் சோடா பாட்டில்களெல்லாம் தரையில் சூடாகிக் கிடந்தன. ஃபிரிட்ஜுக்குள் இருந்தவற்றின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"அது காயல். டீச்சர் வார வரைக்கும் எவனும் தொடக் கூடாது," என்றார் மந்திரமூர்த்தி. பிறகு ஒரு காலி பாட்டிலை எடுத்து அவன் முன் வைத்தார். "வடக்கு மூலையில தண்ணி பிடிக்க ஆளில்ல. நீ போறியா?"