துணைப்படகு

டஹிட்டியிலிருந்து ராரோதோங்காவுக்கு இரட்டைப் படகை வழிநடத்தி வந்தவள் என் தங்கை நோரோவா. அவளோடு ஒன்பது பேர். முன்னோர் முறைப் பயணம்: திசைகாட்டி கிடையாது, கடிகாரமும் கிடையாது, விண்மீனும் அலையும்தான். நானும் இஞ்சின்காரன் தெரேயும் துணைப்படகில் பின்னால் வந்தோம். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்கள் கருவிகள் காட்டும். அதை அவளிடம் சொல்லக் கூடாது. ரேடியோ உயிராபத்துக்கு மட்டும்.

மேகம் மூடியதும் அவள் தெற்கே இறங்கினாள். அப்படியே போனால் தீவு கண்ணில் படாமலே கழிந்துவிடும். அப்பால் வெறும் தண்ணீர். நான் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் அவள் படகு தானாக வடக்கே திரும்பியது. மறுபடி இறங்கியது, மறுபடி திரும்பியது. தெரே அவளை மெச்சினான்.

இரண்டாம் நாள் அந்தியில் ரேடியோ கரகரத்தது. யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"அண்ணே, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிடு."

ஏன் என்றேன்.

"நான் வழி தப்புனா நீ பின்தங்குற. சரியா போனா ஒட்டி வர்ற. ரெண்டு நாளா நான் கடலைப் பாக்கல, உன்னைத்தான் பாக்குறேன்."

நான் அறிந்து செய்ததில்லை. தெரே இஞ்சின் விசைமேல் இருந்த என் கையைப் பார்த்தான்.

அப்போதும் அவள் தெற்கேதான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். ரேடியோவில் அவள் பாய் படபடப்பது கேட்டது.

"ஊர்ல பாக்கலாம்," என்று விசையை முழுதும் தள்ளி, அவளைக் கடந்து தீவை நோக்கிப் போனேன்.

"பொண்டாட்டி துரத்திப் பாத்திருக்கேன். தங்கச்சி துரத்தி இப்பத்தான் பாக்குறேன்," என்றான் தெரே. நான் சிரிக்காததால் அவனும் சிரிக்கவில்லை.

அவானா துறையில் ஊரே மாலைகளோடு நின்றது. அவள் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எந்தப் பக்கம் போனாள் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அதன்பின் அம்மா என்னிடம் பேசவில்லை. மாலைகள் வாடின. புதிதாகக் கட்டினார்கள். அவையும் வாடின.

கடைசியில் பாய் தெரிந்தது மேற்கே. தீவைத் தாண்டிப் போய், எதிர்காற்றில் திரும்பி வந்திருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. நேராக என்னிடம் வந்தாள்.

"நீ கிளம்புனப்போ நான் எங்க போயிட்டிருந்தேன்?"

"தெற்கே."

"தெரிஞ்சும் போனியா?"

"போனேன்."

அவள் நெற்றியை என் நெற்றியில் வைத்து வெகுநேரம் நின்றாள். மூச்சில் உப்பு வாடை வீசியது. பிறகு அம்மா வந்து அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். என்னை அழைக்கவில்லை.