நாகமரத்துப்புதூருக்குக் கடல் வந்தது

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் நாகமரத்துப்புதூருக்குத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடல் வந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. சௌந்திரம் கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டுக் கிழக்கே பார்த்தபோது, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த புறம்போக்கில் அலை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. மாடு ஓட்டிப் போனவர்கள் மாட்டைத் திருப்பி ஓட்டி வந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிடம் தாமதமானது. வேறு பாதிப்பு இல்லை.

காரணம் அன்று மதியமே சௌந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய மூன்று ஏக்கரை ஒட்டி, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்று வர இருந்தது. அப்படிப்பட்ட ஆலைக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வேண்டும், அதன் தமிழ்ச் சுருக்கத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும், ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், அதன் பிறகே மாநில ஆணையம் அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என்பது சட்டம். சுருக்கத்தைக் கேட்டு வாங்கி முழுக்கப் படித்தது ஊரில் அவள் ஒருத்திதான். எழுதியவர்கள் ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கோ கடற்கரையில் வேறோர் ஆலைக்கு எழுதியதை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில், திட்ட இடத்துக்குக் கிழக்கே நானூறு மீட்டரில் கடல் என்றும் அதன் மணலில் ஆமைகள் முட்டையிடும் என்றும் இருந்தது. அடியில் முத்திரை, கையெழுத்து, முந்தின நாள் திங்கட்கிழமை தேதி. நான்கு பேர் டேப் பிடித்து அளந்தார்கள். நானூறு மீட்டர், ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆலையின் உள்ளூர் மேலாளர் குழந்தைவேல் சௌந்திரத்துக்குச் சித்தப்பா மகன். கடலோரத்தில் ஈயம் உருக்க அனுமதி கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும். கருத்துக் கேட்புக் கூட்டத்திலேயே அது கடல் இல்லை என்று பதிவு செய்துவிட்டால் அறிக்கையைத் திருத்திக்கொள்ளலாம். அதைச் சொல்ல அவன் தேர்ந்தெடுத்தது சௌந்திரத்தின் கணவன் மணியனை. மணியன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவான், இப்போது பொங்கலுக்கு வந்திருந்தான். மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி அவன் ஒன்று சொன்னால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. அது வெறும் ஊற்றுத் தண்ணீர் என்று அவன் சொல்லிவிட்டால் போதும், ஆலையில் தண்ணீர் பார்க்கும் வேலை அவனுக்குத்தான், இனி ரிக் ஏற வேண்டியதில்லை என்று குழந்தைவேல் வந்து பேசிவிட்டுப் போனான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சௌந்திரம் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான். அவள் சாம்பாருக்குத் தாளித்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஊட்டோட இருக்கோணும்னு எனக்கு ஆசை இல்லாமயாங்க? ஆனா ஈயம் எறங்குன கெணத்துத் தண்ணியில எனக்குச் சோறாக்கத் தெரியாது. அப்பறம் உங்க இஷ்டம்."

மணியன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கூட்டம் கடற்கரையிலேயே நடந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் எல்லாம் ஆலைச் செலவு. மாவட்ட அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். குழந்தைவேல் எழுந்து, இது மழைக்குப் பொங்கிய ஊற்று, சந்தேகமிருந்தால் எங்கள் மாமாவைக் கேளுங்கள் என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழியிலிருந்து முதல் தண்ணீர் பீய்ச்சும்போது அதை வாயில் விட்டுப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள். மணியன் வேட்டியை மடித்துக் கட்டி அலைக்குள் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினான்.

"உப்புங்க. கடலேதானுங்க."

"மாமா, நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க" என்றான் குழந்தைவேல்.

"நாக்குல பட்டதுக்கு என்ன மாப்ள ரோசனை? உனக்குச் சந்தேகம்னா நீயும் ஒரு வாய் குடி."

சிரிப்பு அடங்குவதற்குள் சௌந்திரம் மைக்கை வாங்கினாள். "கடல்னு எழுதுனது அவங்க. கையெழுத்துப் போட்டதும் அவங்கதான். நாங்க ஒண்ணும் புதுசாச் சொல்லலீங்க. கடலோரத்துல இந்த ஆலை கூடாதுன்னு சட்டம் சொல்லுது, அதை மட்டும் எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். கூட்டத்தில் பேசியதை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் சட்டம். வாசித்தார். கடல் என்று வந்த இடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மாநில ஆணையம் அனுமதி இல்லை என்றது. நிறுவனம் நாமக்கல் மாவட்டத்தில் கடல் கிடையாது என்று முந்நூறு பக்கத்தில் புது அறிக்கை போட்டது. கடல் போகவில்லை. ஊர் நடுவே வாசித்துப் பதிவானதை, தனியாக எழுதிய எதனாலும் அசைக்க முடியவில்லை.

மணியன் மறுபடி ரிக் ஏறிப் போனான். பஸ் ஏற்றிவிட்டு வந்த சௌந்திரம் அன்றைக்கும் இரண்டு பேருக்குச் சோறாக்கிவிட்டாள். அடுத்த வருடம் மாசியில் அவன் ரிக்கை விட்டுவிட்டு, மேட்டூரில் வாங்கிய பரிசல் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கடலில் பரிசல் போகாது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அது போனது. வாரம் மூன்று நாள் சங்கரா மீன் கொண்டுவருகிறான். மார்கழியில் ஆமைகள் வருகின்றன. கோழி வளர்க்கிற ஊர் ஆதலால், அடைக்கு வைத்த முட்டையைத் தொடக் கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போதும் நிறுவனம் வருடத்துக்கு ஒருமுறை, கடல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளை அனுப்புகிறது. போன மாதம் வந்தவர் புதியவர், பேன்ட்டை முழங்கால்வரை நனைத்துக்கொண்டு திரும்பினார். "எத்தனை தடவ வேணா வந்து பாருங்க சாமி, நாங்க எங்கயும் போகல" என்றாள் சௌந்திரம். அவர் கிணற்றடியில் காலைக் கழுவி, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.